உங்கள் அறிவிப்பு படிக்க எளிதா? அளந்து பார்த்துத் திருத்தும் முழுமையான வழிகாட்டி

லேப்பில் கொடுக்கும் சீட்டு, பள்ளிச் சுற்றறிக்கை, குடியிருப்புச் சங்கத்தின் நோட்டீஸ் என்று ஒரு பக்கத் தாள்களைப் படிக்க எளிதாக்கித் தரும் வேலையைச் சில வருடங்களாகச் செய்துவருகிறேன். கூடப் பழக வந்தவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுந்தார்கள். தாள் கைக்கு வந்ததும் கடினமான சொற்களுக்கு வட்டம் போட்டு, எளிய சொல் தேட ஆரம்பித்துவிடுவார்கள். இரண்டு மணி நேரம் போயிருக்கும், தாள் அப்படியேதான் இருக்கும்.

தமிழில் படிப்பவரைத் திணறவைப்பது, வாக்கியத்தின் கடைசியில் வரும் வினைமுற்றுக்கு முன்னால் நாம் அடுக்கிவைக்கும் எச்சங்கள் ("வந்து", "வந்த" போல முடியாமல் நிற்கும் வினைகள்). சொல் அதற்கு அடுத்த இடம்தான். அதனால் கீழே உள்ள வேலைகளைத் தந்திருக்கும் வரிசையிலேயே செய்யுங்கள்.

வழி நெடுக ஒரே எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். சர்க்கரைப் பரிசோதனைக்கு வருபவர்களுக்கான சீட்டு இது. நான் பார்த்த பல சீட்டுகளின் சாயலில் எழுதியது:

"காலை வெறும் வயிற்று இரத்தச் சர்க்கரைப் பரிசோதனை மேற்கொள்ளப்படவுள்ள நோயாளிகள் பரிசோதனைக்கு முந்தைய இரவு உணவிற்குப் பின்னர் குறைந்தபட்சம் எட்டு மணி நேரம் தண்ணீரைத் தவிர்த்து வேறெந்த உணவோ பானமோ உட்கொள்ளாதிருத்தல் அவசியம் என்பதுடன், உணவுக்குப் பிந்தைய பரிசோதனைக்கு வருகை தருபவர்கள் உணவருந்தத் தொடங்கிய நேரத்திலிருந்து இரண்டு மணி நேரம் நிறைவடைந்தவுடன் இரத்த மாதிரி வழங்கும் வகையில் முன்கூட்டியே வருகை தருமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்."

இதில் தகவல் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் இதைப் படித்துவிட்டு டீ குடித்துவிட்டு வந்தவர், மறுநாள் இன்னொரு முறை பஸ் ஏறி வர வேண்டும். ஒரு நாள் கூலியும் போகும்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

அச்சிட்ட தாள் இரண்டு பிரதி. திரையில் பார்த்து எண்ணாதீர்கள், விட்டுப்போகும். சிவப்பு, நீலம் என்று இரண்டு பேனா.

அந்தத் தாளை நிஜமாகவே கையில் வாங்கப்போகும் வகை மனிதர்கள் ஆறு பேர். மூன்று பேர் திருத்துவதற்கு முன், மூன்று பேர் திருத்திய பின். ஆறு பேரையும் முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் ஆள் கிடைக்கவில்லை என்று வீட்டில் இருப்பவர்களிடம் படிக்கக் கொடுத்து முடித்துவிட்ட வேலைகள் எனக்குத் தெரியும். நம் வீட்டில் இருப்பவருக்கு நாம் எழுதுவது ஏற்கெனவே பழகியிருக்கும். அவர் சொல்வது கணக்கில் சேராது.

மூன்றாவது, தாளில் உள்ள தகவலுக்குப் பொறுப்பானவரின் தொலைபேசி எண். நம் சீட்டுக்கு லேப் பொறுப்பாளர். திருத்தும்போது "இது இப்படியா, அப்படியா" என்ற கேள்வி கட்டாயம் வரும். நாமாக ஊகித்து எழுதினால், எளிமையாகவும் தவறாகவும் இருக்கும் ஒரு தாளைத் தயாரித்துவிடுவோம்.

2. படிப்பவர் என்ன செய்ய வேண்டும் என்பதை முதலில் எழுதுங்கள்

ஒரு எண்ணும் எண்ணுவதற்கு முன், படித்து முடித்தவர் சரியாகச் சொல்ல வேண்டிய பதில்களைக் கேள்விகளாக எழுதிக்கொள்ளுங்கள். நம் சீட்டுக்கு ஐந்து கேள்வி:

இரவு எத்தனை மணிக்குள் சாப்பிட்டு முடிக்க வேண்டும்? அதற்கப்புறம் டீ குடிக்கலாமா? தண்ணீர் குடிக்கலாமா? காலையில் எப்போது வர வேண்டும்? இரண்டாவது தடவை எப்போது வர வேண்டும்?

இதை இப்போதே செய்வதற்குக் காரணம் இருக்கிறது. திருத்தி முடித்த பிறகு கேள்வி எழுதினால், நாம் எழுதியதில் எது தெளிவாக இருக்கிறதோ அதைப் பற்றித்தான் கேட்போம். நம்மை அறியாமலே அப்படி நடந்துவிடும்.

கேள்வி எழுதும்போதே ஓட்டைகளும் தெரியவரும். மேலே உள்ள சீட்டில் டீ, காபி என்ற பேச்சே இல்லை. "பானம்" என்பதற்குள் டீ அடங்கும் என்று எழுதியவருக்குத் தெரியும். காலையில் எழுந்ததும் அடுப்பில் பால் வைக்கும் ஒருவருக்கு டீ ஒரு "பானம்" என்று தோன்றாது. மாத்திரை போடலாமா என்பதற்கும் பதில் இல்லை. சர்க்கரை நோயாளிக்கு அது முதல் கேள்வி. இவற்றை ஒரு ஓரமாகக் குறித்து, பொறுப்பாளரிடம் கேளுங்கள்.

3. மென்பொருள் தரும் மதிப்பெண்ணை ஒதுக்கிவையுங்கள்

படிக்க எவ்வளவு எளிது என்று ஒரே எண்ணில் சொல்லும் கருவிகள் நிறைய உண்டு. அவற்றில் பலவற்றின் அடியில் இருப்பது ருடால்ஃப் ஃபிளெஷ் 1948-ல் ஆங்கிலத்துக்காக வெளியிட்ட சூத்திரம். 206.835-லிருந்து, ஒரு வாக்கியத்தின் சராசரிச் சொற்களை 1.015-ஆல் பெருக்கிக் கழிக்க வேண்டும். ஒரு சொல்லின் சராசரி அசைகளை (தனித்து ஒலிக்கும் துண்டுகளை) 84.6-ஆல் பெருக்கி அதையும் கழிக்க வேண்டும். 100-க்குப் பக்கத்தில் வந்தால் மிக எளிது, 0-க்குப் பக்கத்தில் வந்தால் மிகக் கடினம்.

தமிழுக்கு இதைப் போட்டுப் பாருங்கள். "அவர்கள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தார்கள்." மூன்று சொல். புள்ளி வைத்த எழுத்துகளை விட்டு எண்ணினால் 3, 8, 3, ஆக 14 அசைகள். கணக்குப் போட்டால் வருவது மைனஸ் 191. ஒன்றாம் வகுப்புக் குழந்தை சொல்லும் வாக்கியம் இது.

ஆங்கிலத்தில் தனிச் சொல்லாக நிற்பது தமிழில் விகுதியாகவும் வேற்றுமை உருபாகவும் ஒட்டிக்கொள்கிறது. அதனால் நம் சொற்கள் நீளமானவை. நீளமானதால் கடினமானவை ஆகிவிடாது. "சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்" எவ்வளவு நீளம்! யாராவது தடுமாறுகிறார்களா? "ஒப்பம்" நாலே எழுத்து. கையெழுத்து என்று சொன்னால்தான் பலருக்குப் புரியும்.

எழுத்து எண்ணிக்கையைக் கணினியிடம் கேட்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. "தமிழ்" என்பதில் நமக்கு மூன்று எழுத்து. கணினி எழுத்துகளைச் சேமிக்கும் முறையான யூனிகோடில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து குறிகள். சாதாரண நிரல் ஐந்து என்றுதான் சொல்லும். நிரல் எழுதத் தெரிந்தவர்கள் பைத்தானில் ஓப்பன்-தமிழ் நூலகத்தைப் பயன்படுத்தலாம், அது எழுத்துகளைச் சரியாகப் பிரித்துத் தரும். ஒரு பக்கத் தாளுக்கு விரல் விட்டு எண்ணுவதே போதும்.

4. கையால் எடுக்க வேண்டிய நான்கு எண்கள்

ஒரு பக்கத்துக்கு உட்பட்ட தாள் என்றால் முழுவதையும் எண்ணுங்கள். நீளமானது என்றால் தொடக்கம், நடு, முடிவு என்று மூன்று இடங்களில் நூறு நூறு சொல்லாக எடுங்கள். தொடக்கத்தை மட்டும் எடுத்தால் ஏமாந்துபோவோம். எழுதுபவர்கள் முதல் பத்தியில்தான் கவனமாக இருப்பார்கள்.

முதல் எண், ஒரு வாக்கியத்தில் எத்தனை சொல். சராசரியோடு மிக நீளமான வாக்கியத்தின் எண்ணையும் தனியாக எழுதுங்கள். சராசரி 10 என்று அழகாக வரும், நடுவில் ஒரு 40 சொல் வாக்கியம் ஒளிந்திருக்கும். படிப்பவர் கீழே வைத்துவிட்டுப் போவது அந்த இடத்தில்தான். முற்றுப்புள்ளியைத் தேடி எண்ணுகிறீர்கள் என்றால் "ரூ. 500", "3.5", தலைப்பெழுத்துகள் இவற்றின் புள்ளிகளைக் கழித்துவிடுங்கள்.

சொல் எண்ணுவதில் தமிழுக்கே உரிய சிக்கல் ஒன்று. "குறித்துக்கொள்ளுங்கள்" என்று சேர்த்து எழுதினால் ஒன்று, "குறித்துக் கொள்ளுங்கள்" என்றால் இரண்டு. எது சரி என்ற விவாதம் இப்போது வேண்டாம். ஏதாவது ஒரு முறையை வைத்துக்கொண்டு, திருத்துவதற்கு முன்னும் பின்னும் அதே முறையில் எண்ணுங்கள். முறை மாறினால் எண் மாறும், தாள் மாறியிருக்காது.

இரண்டாவது எண், மறைந்த வினைகள். இது எனக்கு மிக முக்கியமான எண். சிவப்புப் பேனாவால் வினையெச்சம் (வந்து), பெயரெச்சம் (வந்த), தொழிற்பெயர் (வருதல்), வினையாலணையும் பெயர் (வந்தவர்) எல்லாவற்றுக்கும் அடிக்கோடு போடுங்கள். "உணவருந்தத் தொடங்கிய" போல இரண்டு வினை சேர்ந்து ஒரே வேலை செய்தால் ஒன்றாக எண்ணுங்கள். வாக்கியத்தை முடிக்கும் வினைமுற்றுகளுக்கு (வந்தார்) நீலக் கோடு.

நம் சீட்டில் சிவப்புக் கோடுகள் இவை: மேற்கொள்ளப்படவுள்ள, தவிர்த்து, உட்கொள்ளாதிருத்தல், என்பதுடன், வருகை தருபவர்கள், உணவருந்தத் தொடங்கிய, நிறைவடைந்தவுடன், வழங்கும், வருகை தருமாறு. ஒன்பது. நீலக் கோடு கடைசியில் ஒன்றே ஒன்று.

இது ஏன் முக்கியம்? ஒவ்வொரு எச்சமும் படிப்பவரிடம் ஒரு பொட்டலத்தைக் கொடுத்து, "கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள், வாங்க ஆள் வருவார்" என்று சொல்வது மாதிரி. பெயரெச்சத்தை வாங்க ஒரு பெயர் வர வேண்டும், வினையெச்சத்தை வாங்க ஒரு வினை வர வேண்டும். ஒன்பது பொட்டலத்தை ஏந்திக்கொண்டு கடைசி வரை நிற்க யாராலும் முடியாது. முதலில் வாங்கியவை கீழே விழுந்துவிடும். ஒரு வாக்கியத்துக்கு இரண்டு வரை சரி, மூன்று வந்தால் உடைத்தே ஆக வேண்டும் என்பது நான் வைத்திருக்கும் கணக்கு.

மூன்றாவது எண், "யார்" என்பதற்கும் "என்ன செய்ய வேண்டும்" என்பதற்கும் நடுவே எத்தனை சொல். "நோயாளிகள்" என்பதிலிருந்து "உட்கொள்ளாதிருத்தல்" வரை 14 சொல். "வருகை தருபவர்கள்" என்பதிலிருந்து "கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்" வரை இன்னொரு 14.

நான்காவது, எட்டு அல்லது அதற்கு மேற்பட்ட எழுத்துள்ள சொற்கள் நூற்றுக்கு எத்தனை. இங்கே 45-ல் 6, அதாவது சுமார் 13. இதை வலிமை குறைந்த எண்ணாகவே வைத்துக்கொள்ளுங்கள். எங்கே உற்றுப் பார்க்க வேண்டும் என்று காட்டுவதோடு அதன் வேலை முடிந்தது.

நான்கையும் கூட்டி ஒரே மதிப்பெண்ணாக ஆக்க வேண்டாம். ஆக்கிவிட்டால் எந்த எண் குறைந்தது என்பது தெரியாமல் போகும். அப்புறம் எதைத் திருத்துவது என்றும் தெரியாது.

5. படிக்கச் சொல்லிக் கேளுங்கள்

எண்கள் எங்கே சந்தேகப்பட வேண்டும் என்று காட்டும். நிஜமாகவே எங்கே வழுக்குகிறது என்பதை மனிதர்தான் காட்டுவார். முதல் மூன்று பேரை ஒவ்வொருவராக உட்காரவைத்து வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள்.

ஆரம்பத்திலேயே இதைச் சொல்லிவிடுங்கள்: "அம்மா, இது உங்களுக்குப் பரீட்சை இல்லை. இந்தச் சீட்டுக்குத்தான் பரீட்சை. எங்கே தடங்குதோ அது எங்க தப்பு." இதைச் சொல்லாவிட்டால் பலர் "கண்ணாடி கொண்டுவரலை" என்று தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். படிக்கத் திணறுவது ஒருவருக்கு எவ்வளவு கூச்சம் தரும் விஷயம் என்பதை மறக்கக் கூடாது.

அவர் படிக்கும்போது உங்கள் பிரதியில் மூன்றை மட்டும் குறியுங்கள்: நின்ற இடம், திரும்பிப் போய்ப் படித்த இடம், மாற்றிப் படித்த சொல். உதவி செய்யாதீர்கள். முதல் முறை உட்காருபவர்களுக்கு இதுதான் மிகக் கஷ்டம். ஒருவர் ஒரு சொல்லில் முட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்தால் வாய் தானாக எடுத்துக் கொடுத்துவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு இருங்கள்.

முடித்ததும் "புரிஞ்சுதா?" என்று கேட்கவே கேட்காதீர்கள். நம் ஊரில் அதற்குப் பதில் எப்போதும் "புரிஞ்சுது" தான், அது மரியாதை. இரண்டாவது படியில் எழுதிய கேள்விகளைக் கேளுங்கள். "சரி, நாளைக்குக் காலைல உங்களுக்கு டெஸ்ட்னு வைங்க. இன்னைக்கு ராத்திரியிலிருந்து என்னென்ன செய்வீங்க, சொல்லுங்க" என்று தொடங்கலாம்.

இது மாதிரி ஒரு சீட்டை அறுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா எனக்குப் படித்துக் காட்டினார். விரலை ஒவ்வொரு சொல்லாக நகர்த்திக்கொண்டே வந்தவர், "தண்ணீரைத் தவிர்த்து" என்ற இடத்தில் நின்றார். "தண்ணிகூடக் குடிக்கக் கூடாதுன்னு போட்டிருக்கு" என்றார். எழுதியவர் நினைத்தது "தண்ணீர் தவிர." எழுதியது "தவிர்த்து." மதுவைத் தவிர்ப்போம், பயணத்தைத் தவிர்த்தார் என்றெல்லாம் நாள்தோறும் கேட்பவருக்கு அது "விலக்கு" என்றுதான் படும். ராத்திரி முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் வந்தால் நரம்பு எடுப்பதே சிரமம், ஊசி இரண்டு மூன்று தடவை குத்த வேண்டிவரும். அதே அம்மா "எட்டு மணி" என்பதையும் காலை எட்டு மணி என்று எடுத்துக்கொண்டார். அச்சில் வரி "எட்டு மணி" என்று முடிந்து, "நேரம்" அடுத்த வரிக்குப் போயிருந்தது.

இந்த இரண்டையும் எந்த எண்ணிக்கையும் காட்டியிருக்காது. "தவிர்த்து" ஐந்து எழுத்துள்ள, எல்லோருக்கும் தெரிந்த சொல்.

6. நீண்ட கட்டுரை என்றால்

கையேடு, பாடம் போன்றவற்றுக்கு இன்னொரு சோதனை உண்டு. 1953-ல் வில்சன் டெய்லர் அறிமுகப்படுத்திய முறை. சுமார் 250 சொல் எடுத்து, முதல் வாக்கியத்தையும் கடைசி வாக்கியத்தையும் விட்டுவிட்டு, ஒவ்வொரு ஐந்தாவது சொல்லையும் நீக்கிக் கோடிட்ட இடமாக்குங்கள். ஐம்பது இடம் வர வேண்டும். கொஞ்சம் குறைந்தால் சொற்களைக் கூட்டிக்கொள்ளுங்கள். படிப்பவர் நிரப்புகிறார், எத்தனை சரி என்று எண்ணுகிறோம்.

மூல முறையில் அதே சொல்லை எழுதினால்தான் மதிப்பெண். தமிழில் அது கொடுமை. "வீட்டில்" என்ற இடத்தில் "வீட்டுக்குள்" என்று எழுதியவர் புரிந்துகொண்டுதான் எழுதியிருக்கிறார். சொல்லின் வேர் ஒன்றாக இருந்தால் மதிப்பெண் கொடுங்கள். ஆனால் இப்படித் தளர்த்திய பிறகு, ஆங்கிலத்துக்கு வகுத்த தேர்ச்சி விழுக்காடுகளை இங்கே இழுத்துவரக் கூடாது. பழைய வடிவத்துக்கும் புதிய வடிவத்துக்கும் ஒப்பிட மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

சின்னச் சீட்டுக்கு இது வேண்டாம். 45 சொல்லில் ஒன்பது இடம்தான் வரும், அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

7. திருத்தம்: மேலிருந்து கீழே

செய்தியின் வரிசை, பிறகு வாக்கியம், பிறகு வினை, கடைசியில் சொல். சொல்லில் தொடங்கினால், அரை மணி நேரம் யோசித்துக் கண்டுபிடித்த சொல் இருக்கும் வாக்கியத்தையே அப்புறம் வெட்டிப்போட வேண்டிவரும்.

அ. வரிசை. படிப்பவர் செய்யப்போகும் வரிசையில் தகவலை அடுக்குங்கள். ராத்திரி சாப்பாடு, அதற்கப்புறம், காலை, லேப், மறுபடி லேப். இரண்டு வகைப் பரிசோதனை என்றால் இரண்டு தலைப்பு. ஒன்றுக்கு வந்தவர் மற்றதைப் படித்துக் குழம்ப வேண்டியதில்லை.

ஆ. வாக்கியம். ஒரு செயலுக்கு ஒரு வாக்கியம். உடைக்க வேண்டிய இடங்களைத் தேடி அலைய வேண்டாம், சிவப்புக் கோடு போட்ட இடங்கள்தான் அவை. ஒவ்வொரு எச்சத்திடமும் "நீ வினைமுற்றாக முடியாதா?" என்று கேளுங்கள். "உட்கொள்ளாதிருத்தல் அவசியம் என்பதுடன்" என்பது "சாப்பிட வேண்டாம்" என்று முடிந்து, அங்கேயே ஒரு முற்றுப்புள்ளி வாங்கிக்கொள்ளும்.

புதியவர்கள் இங்கே ஒரு தப்புச் செய்வார்கள். "என்பதுடன்" இருந்த இடத்தில் முற்றுப்புள்ளி வைத்துவிட்டு, அடுத்த வாக்கியத்தை "மேலும்" என்று தொடங்குவார்கள். எண் குறையும், எச்சங்கள் அப்படியே இருக்கும். வாக்கியத்தை வெட்டுவது வேறு, அதற்குள் மாட்டிக்கொண்டிருக்கும் செயலை விடுவிப்பது வேறு.

இ. "படு" என்ற துணைவினை. "கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்" பதினைந்து எழுத்து. யார் கேட்கிறார், யாரைக் கேட்கிறார் இரண்டுமே அதில் இல்லை. "வாருங்கள்" போதும். "நீங்கள்" என்பது அதற்குள்ளேயே இருப்பதால் எழுவாய்கூட வேண்டாம். நாம் அளந்த அந்த 14 சொல் இடைவெளி தானாக மறைந்துவிடும். "இப்படி எழுதினால் மரியாதைக் குறைவாக இருக்காதா?" என்று அநேகமாக எல்லா அலுவலகத்திலும் கேட்பார்கள். "வாருங்கள்" என்பதில் மரியாதை இருக்கிறது. கவுண்டரில் நிற்பவரிடம் நேரில் அப்படித்தான் பேசுகிறோம் என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்வார்கள்.

இரட்டை எதிர்மறையையும் இப்போதே நேர்செய்யுங்கள். "ரசீது இல்லாதவர்களுக்கு முடிவுகள் வழங்கப்படமாட்டாது" என்பதை "ரசீதைக் கொண்டுவாருங்கள். அதைக் காட்டினால்தான் ரிசல்ட் தருவோம்" என்று மாற்றலாம்.

ஈ. சொல். இப்போதுதான். எளிய சொல்லுக்கு அகராதியைத் திறக்காதீர்கள். கவுண்டருக்குப் பக்கத்தில் அரை மணி நேரம் நில்லுங்கள். அங்கே வேலை செய்யும் பெண் ஒரு நாளைக்கு நூறு தடவை இதே தகவலை வாயால் சொல்லிக்கொண்டிருப்பார், எந்தச் சொல் போய்ச் சேருகிறது என்று அவருக்குத் தெரியும். "வெறும் வயித்துல வாங்க", "சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு வாங்க" என்பார். "வெறும் வயிற்றில்", "சாப்பிட்டு", "கழித்து" மூன்றும் எழுத்துத் தமிழில் அப்படியே உட்காரும். "குருதி", "தேநீர்" என்று தூய்மையாக்கவும் வேண்டாம், "வயித்துல" என்று பேச்சாகவே எழுதவும் வேண்டாம். பேச்சு வடிவத்தை ஊருக்கு ஊர் வேறு விதமாகச் சொல்கிறோம், தாளில் எல்லோரும் ஒரே மாதிரி படித்துப் பழகியது எழுத்து வடிவத்தைத்தான்.

ஒரு பொருளுக்கு ஒரே சொல். மேலே "இரவு உணவு", பின்னால் "உட்கொள்ளாதிருத்தல்", அப்புறம் "உணவருந்த" என்று மாறிக்கொண்டே போவது பள்ளிக் கட்டுரையில் நாம் கற்ற பழக்கம். அறிவிப்பில் சொல் மாறினால் விஷயமும் மாறிவிட்டதோ என்று படிப்பவர் நினைப்பார்.

புணர்ச்சியால் முகம் மறைந்த சொற்களைப் பிரித்து எழுதுங்கள். "வேறெந்த" என்பதை "வேறு எந்த" என்றும், "வராதவிடத்து" என்பதை "வராவிட்டால்" என்றும் எழுதலாம்.

கால அளவைக் கடிகார நேரமாக்குங்கள். எட்டு மணி நேரம் என்றால், காலை ஏழிலிருந்து பின்னோக்கிக் கழிக்கும் வேலை படிப்பவர் தலையில். லேப் நேரத்தைக் கேட்டுக்கொண்டு நாமே கழித்து எழுதிவிடலாம். நேரம் ஆளுக்கு ஆள் மாறுமென்றால் கோடிட்ட இடம் விட்டு, பேனாவால் நிரப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

இப்படி வந்து சேர்ந்தது இது:

வெறும் வயிற்றில் எடுக்கும் சர்க்கரைப் பரிசோதனை
முதல் நாள் இரவு 11 மணிக்குள் சாப்பிட்டு முடித்துவிடுங்கள்.
அதன் பிறகு எதுவும் சாப்பிட வேண்டாம்.
டீ, காபி, பால், ஜூஸ் எதுவும் குடிக்க வேண்டாம்.
தண்ணீர் மட்டும் குடிக்கலாம்.
காலை 7 மணிக்கு இங்கே வாருங்கள்.
மாத்திரை, இன்சுலின் பற்றி உங்கள் டாக்டரிடம் முன்பே கேளுங்கள்.

சாப்பிட்ட பின் எடுக்கும் பரிசோதனை
ரத்தம் கொடுத்த பிறகு காலை உணவு சாப்பிடுங்கள்.
சாப்பிட ஆரம்பித்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.
அந்த நேரத்திலிருந்து 2 மணி நேரம் கழித்து மறுபடி ரத்தம் எடுப்போம்.
அதற்கு 10 நிமிடம் முன்பே வந்துவிடுங்கள்.

மாத்திரை பற்றிய வரியைப் பொறுப்பாளர் சொன்ன பிறகே சேர்க்க வேண்டும். மருந்து விஷயத்தில் நம் ஊகத்துக்கு இடமே இல்லை.

8. தாளின் தோற்றம்

தமிழ் எழுத்துகளுக்கு மேலேயும் கீழேயும் குறிகள் உண்டு. வரிகளை நெருக்கினால் மேல் வரியின் ஊகாரச் சுழியும் கீழ் வரியின் ஈகாரக் கொக்கியும் முட்டிக்கொள்ளும். வரி இடைவெளியை ஒன்றரையாக வையுங்கள். எழுத்தளவு 14-க்குக் கீழே போக வேண்டாம், முதியவர்களுக்கு என்றால் 16.

இரண்டு ஓரமும் நேராக வரும்படி அடுக்காதீர்கள். நம் நீளச் சொற்கள் வரியில் அடங்காமல் அடுத்த வரிக்குப் போகும்போது, மிச்சமிருக்கும் சொற்களுக்கு நடுவே பெரிய பள்ளங்கள் விழும். இடது ஓரம் மட்டும் நேராக இருந்தால் போதும். வரி எங்கே உடைகிறது என்று அச்சில் பாருங்கள். "2 மணி" ஒரு வரியிலும் "நேரம்" அடுத்த வரியிலும் வந்தால், பழைய கதை திரும்ப நடக்கும்.

சின்ன எழுத்தைத் தடித்த எழுத்தாக்கினால் சுழிகள் அடைபடும். தாளை இரண்டு தடவை ஜெராக்ஸ் எடுத்துப் பாருங்கள். புள்ளிகள் மறைந்து "சர்க்கரை" "சரககரை" ஆகிவிட்டால் எழுத்துருவை மாற்றுங்கள். உங்கள் கையில் இருக்கும் நல்ல அச்சைப் பொதுமக்கள் பார்க்கப்போவதில்லை, ஜெராக்ஸின் ஜெராக்ஸைத்தான் பார்ப்பார்கள்.

9. மறுபடி எண்ணுங்கள், புது ஆளிடம் காட்டுங்கள்

தலைப்புகளை விட்டு எண்ணினால், புதிய சீட்டில் 10 வாக்கியம், 58 சொல். சராசரி 6-க்குச் சற்றுக் கீழே. மிக நீளமான வாக்கியம் 9 சொல். மறைந்த வினைகள் ஒன்பதிலிருந்து மூன்றாகக் குறைந்துவிட்டன: கொடுத்த, ஆரம்பித்த, கழித்து. அவையும் வேறு வேறு வாக்கியத்தில் இருக்கின்றன.

மொத்தச் சொற்கள் 45-லிருந்து 58 ஆகக் கூடியிருக்கின்றன. "எளிமையாக்கச் சொன்னால் நீளமாக்கிவிட்டீர்களே" என்று கேட்பவர்களிடம் இதைக் காட்டுங்கள்: டீ, காபி, மாத்திரை, வர வேண்டிய நேரம் எல்லாம் புதிதாக வந்தவை. அவை இல்லாததால்தான் கவுண்டரில் கூட்டம் நின்றது.

நீளச் சொற்கள் 58-ல் 4, நூற்றுக்கு 7. அந்த நான்கில் மூன்று "முடித்துவிடுங்கள்", "குறித்துக்கொள்ளுங்கள்", "வந்துவிடுங்கள்." யாரும் தடுக்கி விழாத சொற்கள். இந்த எண்ணை இன்னும் குறைக்க வேண்டும் என்று அவற்றை வெட்டினால் அதட்டுவது மாதிரி ஆகிவிடும். விட்டுவிடுங்கள்.

இப்போது மிச்சமிருக்கும் மூன்று பேர். முதல் மூவரிடம் திரும்பப் போகாதீர்கள், அவர்களுக்குப் பதில் ஏற்கெனவே தெரியும். அதே ஐந்து கேள்வி, அதே முறை. ஒரே இடத்தில் இரண்டு பேர் நின்றால் அந்த வாக்கியத்தைத் திரும்ப எழுதுங்கள். ஒருவர் மட்டும் நின்றால் குறித்துவைத்துக்கொண்டு இன்னொருவரைத் தேடிப் படிக்கச் சொல்லுங்கள். தண்ணீர் பற்றிய கேள்விக்கு ஒருவர் தப்பாகச் சொன்னாலும் நான் அச்சுக்கு அனுப்ப மாட்டேன்.

10. அச்சான பிறகு

தாளின் அடியில் சின்னதாக மாதமும் வருடமும் போடுங்கள். லேப் நேரம் மாறினால் எந்தத் தாள் பழையது என்று தெரிய வேண்டும்.

புதுக் கட்டைக் கொடுக்கும் அன்றே நீங்களே கவுண்டருக்குப் போங்கள். மேசை இழுப்பறையிலும் சுவரிலும் கோப்பின் அட்டைக்கு உள்ளேயும் பழைய சீட்டு இருக்கும். புதிய கட்டு தீர்ந்த அன்று, அவசரத்துக்கு யாராவது அதை எடுத்து ஜெராக்ஸ் போட்டுவிடுவார்கள். எல்லாவற்றையும் சேகரித்து எடுத்து வந்துவிடுங்கள். கணினியில் இருக்கும் பழைய கோப்பையும் அழிக்கச் சொல்லுங்கள்.

வாரம் கழித்து ஒரு தடவை அதே கவுண்டரில் அரை மணி நேரம் நின்று, சீட்டை வாங்கிய பிறகும் மக்கள் என்ன கேட்கிறார்கள் என்று எழுதிக்கொள்ளுங்கள். ஒரே கேள்வி மூன்று தடவை வந்தால், அடுத்த அச்சுக்கு முன் அந்த வரியைப் பாருங்கள்.